இறப்பர்ப் பங்குகளும் மின்வாகனப் பங்குகளும் – ஒரு வரலாற்று நோக்கு

உழைப்பின் மிச்சத்தை நாளைய பயன் கருதி ஒதுக்கிவைக்கும் வழக்கம் மனித சமுதாயத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்றாகும். வன்னி நிலத்தில் அம்மிச்சம் நெல்லாகவும் மாடாகவும் காணியாகவும் நகையாகவுமே நெடுங்காலம் உருப்பெற்று வந்தது. வவுனியாவுக்கு வடக்கே, புளியங்குளத்திற்கும் மாங்குளத்திற்கும் இடையில், கண்டி–யாழ்ப்பாண வீதியில் அமைந்துள்ள கனகராயன்குளம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். குளமே இவ்வூர் மக்களின் முதலீடு. அணைக்கட்டு உயர்ந்து நின்றால் வயல் விளையும். அது உடைந்தால் ஊரே கடன்படும். குளத்தின் பெயரோடு பெயர் ஒத்த கனகராயனாறு வடக்கு நோக்கி ஓடி இரணைமடுவை நிரப்பிப் பின் சுண்டிக்குளக் கடனீரேரியை அடைகின்றது. கண்ணாற் கண்டு கையால் அளக்கக்கூடிய செல்வம் இது.

இன்று அவ்வூரூடாகச் செல்லும் அதே வீதியில் மின்கலத்தால் இயங்கும் மோட்டார் வாகனங்களும் ஓடத் தொடங்கியுள்ளன. கண்ணாற் காணவியலாத இன்னொரு வகைச் செல்வத்தைப் பற்றிய பேச்சும் அவற்றோடு சேர்ந்தே வருகின்றது. எந்தக் கம்பனியின் பங்கை வாங்குவது? மின்வாகனம் செய்யும் கம்பனியையா, மின்கலம் செய்யும் கம்பனியையா, அவற்றை இறக்குமதி செய்து விற்கும் உள்ளூர்க் கம்பனியையா? வேகமாக வளரும் கம்பனிக்கு எவ்விலையும் கொடுக்கலாமா? கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் உறவினரிடையேயும், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மாதச் சம்பளம் பெறுவோரிடையேயும் இவ்வினாக்கள் எழுகின்றன. இவை புதியவை போலத் தோன்றினும் உண்மையிற் பழையவை. நூறாண்டுகளுக்கு மேலாக இலங்கையின் பொருளாதார வரலாறே இவ்வினாக்களுக்கு விடை கூறிக்கொண்டிருக்கின்றது எனலாம். அவ்விடையினைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிக் காய்ச்சல்

இலங்கையில் தனிமனிதர் பலர் ஒரே வேளையில் ஒரே பொருளின் எதிர்காலத்தை நம்பிப் பணம் இட்ட முதற் சந்தர்ப்பம் கோப்பிப் பயிர்ச்செய்கையோடு தொடர்புடையதாகும். 1835 இல் கிழக்கிந்தியக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியாவில் ஒரே சுங்கவரி விதிக்கப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தமையால் அங்கு விளைச்சல் குன்றிற்று. இவ்விரு காரணங்களாலும் இலங்கைக் கோப்பிக்கு எதிர்காலம் உண்டு என்பது வெளிப்படையாயிற்று. முடிக்குரிய காணி ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் விற்கப்பட்டது. காணி வாங்கியோர் தோட்டத்துரைமார் மட்டுமல்லர். தேசாதிபதியும் நீதிபதிகளும் படை அலுவலரும் மதகுருமாருங்கூட மலைநாட்டிற் காணி வாங்கினர். நாட்டை ஆளவேண்டியோர் கோப்பியின் விலையையே எண்ணிக்கொண்டிருந்தனர்.

1840களின் நடுப்பகுதியில் உச்சநிலை எய்திய இம்முயற்சி 1847 ஆம் ஆண்டளவில் நிலைகுலைந்தது. பிரித்தானியாவில் ஏற்பட்ட பணநெருக்கடி கோப்பியின் விலையை வீழ்த்திற்று; பெருந்தொகை கொடுத்து வாங்கிய தோட்டங்கள் அதன் சிறு பகுதிக்கு விற்கப்பட்டன. ஆயினும் கோப்பி அழிந்துவிடவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1850களிலும் 1860களிலும் அது மீண்டும் தழைத்தது. ஆனால் அதன் பயனை அனுபவித்தோர் முதலில் வாங்கியோர் அல்லர்; அவர்கள் கைவிட்டதை மலிவாக வாங்கியோரே. 1869 இல் இலைத்துரு நோய் தோன்றிப் பின்னர் கோப்பியையே ஒழித்தது. 1884 மே மாதத்தில் ஒறியன்ரல் வங்கி கதவடைத்தபோது அதன் நாணயத்தாள்களை வைத்திருந்த எளிய மக்களும் கலங்கினர். தேசாதிபதி ஆதர் கோடன் அத்தாள்களுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அளித்தமையாலேயே அக்கலக்கம் தணிந்தது.

இக்கோப்பி வரலாற்றில் வன்னிக்கும் ஒரு பங்குண்டு. அது இலாபப் பங்கன்று. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் காடடர்ந்த வடநிலத்தூடாகக் கால்நடையாகவே மாத்தளை நோக்கிச் சென்றனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். இலண்டனிலும் கொழும்பிலும் கோப்பியின் எதிர்காலம் பற்றி விவாதித்தோரின் கணக்கேடுகளில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. ஒரு முதலீட்டின் விலையை முதலிட்டவர் மாத்திரமே கொடுப்பதில்லை என்ற உண்மையை அவ்வழி உணர்த்துகின்றது.

முதல் மின்வாகனக் கம்பனி

மின்வாகனம் இருபத்தோராம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று கருதுவோர் பலர். அக்கருத்துத் தவறாகும். 1900 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செய்யப்பட்ட மோட்டார் வாகனங்கள் 4,192 என்பர். அவற்றுள் நீராவியால் இயங்கியவை 1,681. மின்சாரத்தால் இயங்கியவை 1,575. பெற்றோலால் இயங்கியவை 936 மாத்திரமே. அன்றைய முதலீட்டாளர் ஒருவர் எதிர்காலம் மின்சாரத்திற்கே உரியது என்று கருதியிருப்பின் அவரை அறிவிலி என்று எவரும் கூறியிருக்க முடியாது. மின்வாகனம் ஓசையின்றி ஓடிற்று, புகை கக்கவில்லை, கைப்பிடி சுழற்றி இயக்கவேண்டிய தொல்லையும் அதற்கில்லை.

இந்நம்பிக்கையின் மீதே எலெக்ரிக் வெகிக்கிள் கம்பனி எழுந்தது. 1897 இல் ஐசாக் றைஸ் என்பவரால் நிறுவப்பட்ட இக்கம்பனி நியூயோர்க் நகரில் மின்வாடகை வண்டிகளை ஓட்டிற்று. 1899 இல் வில்லியம் விற்னி முதலான பெருமுதலாளிகள் அதனுட் புகுந்து, அமெரிக்க நகரங்கள் யாவற்றிலும் ஆயிரக்கணக்கான வண்டிகளை ஓட்டப்போவதாக அறிவித்தனர். பங்கின் விலை ஏறிற்று. அவ்வாண்டு இறுதியிலேயே கம்பனியின் கடன் விவகாரம் ஒன்றைப் பத்திரிகை அம்பலப்படுத்த விலை சரிந்தது. ஈயமின்கலங்களின் நிறையும் அவற்றைப் பேணும் செலவும் இலாபத்தை விழுங்கின. 1907 இல் கம்பனி முறிந்தது. 1908 இல் போட் கம்பனியின் மலிவான பெற்றோல் வாகனம் வெளிவந்தது. 1912 இல் மின்னியக்கி பொருத்தப்பட்டமையாற் பெற்றோல் வாகனத்தின் கைப்பிடித் தொல்லையும் நீங்கிற்று. மின்வாகனத்தின் சிறப்பெனக் கருதப்பட்ட ஒன்றை அதன் போட்டியாளரே மின்சாரத்தைக் கொண்டு கவர்ந்தமை வரலாற்றின் நகைமுரணாகும்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? மின்வாகனத்திற்கு எதிர்காலம் உண்டு என்று நம்பியோர் முற்றாகத் தவறியவர் அல்லர். அவர்கள் நூறாண்டு முந்திவிட்டனர். முதலீட்டில் காலத்துக்கு முந்துதல் தவறுதலுக்கு ஒப்பானது.

1910 ஆம் ஆண்டின் இறப்பர்ப் பெருக்கு

மோட்டார் வாகனத்தின் வளர்ச்சியை நம்பிய இன்னொரு கூட்டத்தார் வாகனத்தை விட்டு அதன் சில்லை நோக்கினர். எவ்வகை வாகனம் வென்றாலும் அதற்கு இறப்பர் வேண்டும் என்பது அவர்தம் வாதம். மிக நுட்பமான வாதமே அது. இன்று ‘எந்த வாகனக் கம்பனி வெல்லும் என்பது எமக்கு வேண்டாம், மின்கலத்துக்கான இலிதியத்தை வாங்குவோம்’ என்று கூறுவோரின் வாதமும் இதுவே.

இறப்பர் வரலாற்றில் இலங்கைக்குத் தனியிடம் உண்டு. ஹென்றி விக்கம் 1876 இல் பிரேசிலிலிருந்து கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்ற விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. கால் நூற்றாண்டுக் காலம் அவை தாவரவியலாளரின் ஆர்வத்துக்கு உரியனவாக மட்டுமே இருந்தன. மோட்டார் வாகனம் பெருகியதும் நிலை மாறிற்று. 1896 இல் தோட்டக் கம்பனிகளின் பங்குகளை விற்று வாங்கும் பொருட்டுக் கொழும்பில் அமைக்கப்பட்ட பங்குத் தரகர் சங்கத்திற்கு இறப்பர் புதுவாழ்வளித்தது. இலண்டனிலோ மின்சிங் லேன் என்னும் தெரு இறப்பர்ப் பங்குகளின் பெயரால் நிரம்பி வழிந்தது.

1910 ஏப்பிரலில் இலண்டனில் இறப்பரின் விலை இறாத்தலுக்குப் பன்னிரண்டு சிலிங்கைத் தாண்டிற்று. நாள்தோறும் புதிய கம்பனிகள் பதிவாயின. ஒரு பவுண் முகப்பெறுமதியுள்ள பங்குகளுக்குப் பதிலாக இரண்டு சிலிங் பங்குகள் வெளியிடப்பட்டன. இவ்வேற்பாடு சாதாரணமானது போலத் தோன்றினும் அதன் பொருள் ஆழமானது. எழுதுவினைஞரும் ஆசிரியரும் கடைச் சிப்பந்திகளும் விதவையரும் பங்குதாரராவதற்கு அதுவே வாயிலாயிற்று. கம்பனியின் தோட்டம் எங்குள்ளது, மரம் நடப்பட்டதா என்பதைக்கூட அறியாமற் பலர் வாங்கினர்.

எனினும் அன்று எதிர்வாதம் இல்லாமல் இல்லை. இறப்பர் மரம் நட்டு ஆறேழு ஆண்டு கழிந்த பின்னரே பாலெடுக்க முடியும். இன்றைய விலையைக் கண்டு நடப்படும் மரங்கள் யாவும் ஒரே காலத்திற் பால் தரும். அன்று விலை என்னாகும்? இவ்வினாவிற்கு விடைகாண எவ்வித தீர்க்கதரிசனமும் வேண்டியதில்லை. கூட்டலும் பெருக்கலும் அறிந்த பள்ளி மாணவன் விடை கூறியிருப்பான். மலாயாவிலும் இலங்கையிலும் சுமாத்திராவிலும் எத்தனை ஏக்கரில் மரம் நடப்பட்டது என்பது மறைபொருளன்று. ஆனால் விலை ஏறுங்காலத்திற் கணக்கைக் கேட்பாரில்லை. ‘வாகனம் பெருகும்’ என்ற ஒரு சொல் எல்லா வினாக்களுக்கும் விடையாயிற்று.

வாகனமோ உண்மையாகவே பெருகிற்று. அமெரிக்காவில் 1910 இல் ஐந்து இலட்சத்திற்கும் குறைவாக இருந்த பதிவு பெற்ற வாகனங்கள் 1920 இல் தொண்ணூறு இலட்சத்தைத் தாண்டின. அன்றைய மிகப் பெரும் நம்பிக்கையாளனும் இவ்வளவினைக் கனவு கண்டிருக்கமாட்டான். ஆயினும் இறப்பர் விலை 1910 இன் பிற்பகுதியிலேயே பாதிக்கு வீழ்ந்தது. 1913 அளவில் தோட்ட இறப்பர் பிரேசிலின் காட்டு இறப்பரை விஞ்சிற்று. 1921 இல் விலை இறாத்தலுக்கு ஒரு சிலிங்கிலும் குறைந்தது. உற்பத்தியைக் கட்டுப்படுத்த 1922 இல் ஸ்ரீவன்சன் திட்டம் கொண்டுவரப்பட்டு 1928 இற் கைவிடப்பட்டது. 1932 இல் விலை ஒரு கட்டத்தில் இரண்டு பென்சிற்கும் கீழிறங்கிற்று. தேவை பல மடங்கு பெருகியது. விலையோ பல மடங்கு சுருங்கியது. ஒரு தொழில் வளர்வது வேறு, அத்தொழிலிற் பங்குகொண்டோர் இலாபமடைவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்பெருக்கின் மிகப் பெரும் விளைவு சீனாவில் நிகழ்ந்தது. சங்காய் நகரில் இறப்பர்க் கம்பனிகளின் பங்குகளை, குறிப்பாகச் சுமாத்திராவிற் காணி கொண்ட லங்கற் கம்பனியின் பங்குகளை, நாட்டு வங்கிகள் கடன்பட்டு வாங்கின. 1910 யூலையில் விலை சரிந்ததும் அவ்வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. சிச்சுவான் மாகாண மக்கள் தம் ஊருக்கு இருப்புப்பாதை அமைக்கவெனச் செலுத்திய பணத்தின் ஒரு பகுதியும் அவ்வீழ்ச்சியில் அழிந்தது. 1911 இல் மத்திய அரசு இருப்புப்பாதையைத் தன்னுடைமையாக்கிய போது அவ்விழப்பினை ஈடுசெய்ய மறுத்தது. மக்கள் கிளர்ந்தெழுந்தனர், அக்கிளர்ச்சியை அடக்கப் படைகள் அனுப்பப்பட்டிருந்த வேளையில், அக்டோபர் 10 ஆம் நாள் வூச்சாங் நகரிற் புரட்சி வெடித்தது. மஞ்சு அரச வம்சம் முடிவெய்தியமைக்கு இறப்பர்ப் பங்கு மாத்திரம் காரணமன்று. எனினும் அக்காரணங்களுள் அதுவும் ஒன்று என்பதை மறுத்தற்கில்லை. இருப்புப்பாதைக்கெனப் பணம் செலுத்திய அவ்வுழவர் இறப்பர்ப் பங்கு வாங்கும்படி எவரையும் கேட்டாரல்லர்.

வன்னியின் மிளகாய்ப் பங்கு

பங்குப் பத்திரம் என்பதை அறியாத வன்னி உழவனும் இத்தகைய விவாதத்திற்குப் புறம்பானவன் அல்லன். 1970களின் முற்பகுதியில் அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அதனால் உள்நாட்டு விளைபொருளின் விலை உயர்ந்தது. முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களிற் குடியேறிய படித்த வாலிபர் உட்படப் பலரும் மேட்டுநிலத்தில் மிளகாய் பயிரிட்டனர். நீரிறைக்கும் இயந்திரங்கள் வாங்கப்பட்டன, கல்வீடுகள் எழுந்தன. நெல்லையே நம்பியிருப்பதா, மிளகாய்க்கு மாறுவதா, கடன்பட்டேனும் நிலத்தைப் பெருக்குவதா என்பவை அன்றைய வளர்ச்சி விவாதங்கள்.

1977 இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர, விலைக்கு இருந்த காப்பும் தளர்ந்தது. மிளகாய்ச் செடியில் எக்குறையும் இல்லை; உழவனின் உழைப்பிலும் குறையில்லை. கொழும்பில் எழுதப்பட்ட ஒரு கொள்கையின் மீது தன் வாழ்வைக் கட்டியிருந்தமையே அவன் அறியாத இடர். கையிருப்பைக் கொண்டு பயிரிட்டவன் மீண்டும் நெல்லுக்குத் திரும்பினான். கடன்பட்டுப் பயிரிட்டவனால் அது எளிதாக இயலவில்லை.

இதனையடுத்து வந்த போர்க்காலம் எல்லாவகைச் சேமிப்பையும் ஒருங்கே சோதித்தது. 1997 தொடக்கம் 1999 வரையும், பின்னர் 2008 இலும், கனகராயன்குளமும் அயலூர்களும் போர்முனையாயின. நெல்லும் மாடும் வீடும் கைவிடப்பட்டன. எடுத்துச் செல்லக்கூடியது நகையும் உறுதிப் பத்திரமும் பிள்ளைகளின் கல்வியுமே. 2009 இன் பின் மீளக்குடியமர்ந்த ஒரு குடும்பத்தின் சேமிப்பை இழப்பதென்பது மூன்றாம் நான்காம் முறையாக அடியிலிருந்து தொடங்குவதாகும். பெருநகரச் செல்வன் ஒருவனின் இழப்போடு இதனை ஒப்பிடுதல் பொருந்தாது.

அண்மைக்கால அனுபவம்

போர் முடிந்ததும் கொழும்புப் பங்குச் சந்தை 1910 இன் இறப்பர்ப் பெருக்கை நினைவூட்டும் வகையில் எழுந்தது. 2009 இல் அனைத்துப் பங்கு விலைச்சுட்டி இருமடங்குக்கு மேலாயிற்று. 2010 இலும் ஏறத்தாழ இருமடங்காயிற்று. யாழ்ப்பாணத்திலும் சந்தையின் கிளை திறக்கப்பட்டது. 2011 பெப்ருவரியில் உச்சமெய்திய சுட்டி அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் மூன்றிலொன்றுக்கு மேல் இழந்தது. சிறு கம்பனிகளின் விலையை ஏற்றியிறக்கினர் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன; பிணையங்கள் ஆணைக்குழுவின் தலைவர் இருவர் 2011 டிசம்பரிலும் 2012 ஓகஸ்டிலும் அடுத்தடுத்துப் பதவி விலகினர். 2020 இன் பின் கைத்தொலைபேசி மூலம் கணக்குத் திறக்கும் வசதி வந்ததும் புதியவர் பலர் நுழைந்தனர். 2022 சனவரியிற் பதின்மூவாயிரத்தைத் தாண்டிய சுட்டி அவ்வாண்டின் பொருளாதார முறிவோடு சரிந்தது; ஏப்பிரலில் ஒரு வாரம் சந்தையே மூடப்பட்டது. பின்னர் 2025 இல் அது இருபதினாயிரத்தைக் கடந்தமையும் கூறவேண்டும். பொறுத்திருக்க வல்லவன் மீண்டான். கடன்பட்டு வாங்கியவனுக்குப் பொறுத்திருக்க வழியிருக்கவில்லை.

மின்வாகனப் பங்குகளின் வரலாறும் இவ்வாறே இரு முகங் கொண்டது. 2010 இற் பதினேழு டொலருக்கு வெளியிடப்பட்ட ரெஸ்லாவின் பங்கு, வாங்கிப் பொறுத்திருந்தோரைச் செல்வராக்கிற்று. எனினும் 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் அது தன் பெறுமதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. லோட்ஸ்ரவுன் 2023 இலும், பிஸ்கர் 2024 இலும், நிக்கோலா 2025 இலும் முறிவுப் பாதுகாப்பை நாடின. கிருஷ்ணகிரி மாவட்டத்திற் பெருந் தொழிற்சாலை அமைத்த ஓலா எலெக்ரிக்கின் பங்கு 2024 ஓகஸ்டில் எழுபத்தாறு ரூபாவுக்கு வெளியிடப்பட்டு, அம்மாதத்திலேயே இருமடங்காகி, அவ்வாண்டு முடியுமுன் வெளியீட்டு விலைக்கும் கீழிறங்கிற்று. இலங்கையிலோ 2020 மார்ச்சு முதல் 2025 பெப்ருவரி வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தது. அத்தடை நீங்கியதும் சீன மின்வாகனங்களை விற்கும் நிறுவனங்களின் பங்குகளைப் பற்றிய பேச்சு எழுந்தது. ஒரு வர்த்தமானி அறிவித்தலால் மூடவும் திறக்கவும் கூடிய வணிகம் இது என்பதை மிளகாய் பயிரிட்ட வன்னி உழவன் எவருக்கும் கூறமாட்டானா?

முடிவுரை

மேலே கூறியவற்றிலிருந்து பங்கு வாங்குதல் பழிக்கத்தக்கது என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். அணைக்கட்டுக்கு மண் சுமந்த முன்னோரும் காணாத பயனை நம்பியே சுமந்தனர். நம்பிக்கையின்றி முதலீடில்லை, முதலீடின்றி வளர்ச்சியுமில்லை. ஆனால் நம்பிக்கை எத்தகையது என்பதே வினா. கோப்பியும் இறப்பரும் மின்வாகனமும் எதிர்காலமுள்ள பொருள்கள் என்று கருதியோர் யாவரும் பொருளைப் பற்றிச் சரியாகவே கருதினர். அவர்கள் கேளாது விட்ட வினாக்கள் மூன்று: இதே பொருளை இன்னும் எத்தனை பேர் ஆக்கப்போகின்றனர்? இன்று கேட்கப்படும் விலையில் நாளைய வளர்ச்சி முன்னரே அடங்கியுள்ளதா? கணக்குத் தவறினால் இழக்கப்படுவது யாருடைய பணம்?

மூன்றாவது வினாவே தலையாயது. சிச்சுவான் உழவனின் இருப்புப்பாதைப் பணமும், மன்னார் வழியில் மாண்ட தொழிலாளியின் உயிரும் அவ்வினாவைக் கேளாமையின் விளைவுகள். கனகராயன்குளத்து உழவன் மழைக்காலத்தில் அணைக்கட்டின் மீது நடந்து, நீர்மட்டத்தையும் வான்கதவையும் நோக்குவான். குளம் நிரம்புவதிற் பெருமகிழ்ச்சி அடைபவனும் அவனே. நிரம்பிய குளமே உடையக்கூடியது என்பதை அறிந்தவனும் அவனே. பங்குச் சந்தையின் விலைப்பட்டியலை நோக்குவோருக்கும் அவ்வறிவு வாய்க்குமாயின், தலைமுறைகளின் உழைப்பு ஒரு பருவத்தில் அழியாது காக்கப்படும்.